விருந்தாளிக்காக எடுத்த கீபோர்டு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு உற்சாகம் தருகிற மாதிரி நாலு பக்கம் எழுதித் தரச்சொல்லி ஆபீஸிலிருந்து கேட்டார்கள். என்னிடம் போய் உற்சாகம் கேட்டவருக்கு என்னைத் தெரியாது போலிருக்கிறது. நான் அங்கே டெஸ்டிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவள். மற்றவர்கள் முடித்துக் கொடுத்ததில் எது எங்கே உடையும் என்று தேடுவதே என் பிழைப்பாக இருந்தது. ஓய்வு பெற்று துடியலூரில் வீட்டோடு இருக்கிற இப்போதும், புது மிக்ஸி வாங்கினால் மூடியைத் தப்பாகப் போட்டு ஓடுகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். இப்படிப்பட்டவளிடம் உற்சாகத்துக்கு எங்கே போவது?

சமீபத்தில் உங்களில் இரண்டு பேர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தீர்கள். பேச்சோடு பேச்சாக, நம் மென்பொருளை இன்ஸ்டால் செய்யும்போது வருகிற, கீபோர்டைத் தேர்ந்தெடுக்கிற திரை அனுமார் வால் மாதிரி நீண்டு கிடக்கிறது, பாதியை வெட்டப்போகிறோம் என்றீர்கள். "துருக்கிக்கு எதுக்குங்க மேடம் ரெண்டு? ஒண்ணு போதாதுங்களா?" என்று ஒருவர் கேட்டார். நான் பதில் சொல்லாமல் காப்பி போட எழுந்து போய்விட்டேன். மரியாதைக் குறைவாக நினைத்திருப்பீர்கள். நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் மென்பொருள் போகிற இடம் உங்களுக்குத் தெரியும். நூல் மில்கள். எந்த இயந்திரம் ஓடுகிறது, எது நிற்கிறது, எந்தப் பெட்டி எந்த லாரியில் ஏறியது என்று எல்லாம் அதில் பதிவாகும். மில்லில் வேலை செய்கிறவர்கள் சினிமா பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, அந்தக் கணினியில் வேறு எதையும் திறக்க முடியாதபடி பூட்டித்தான் கொடுப்போம். அதனால் இன்ஸ்டால் செய்யும்போது எந்தக் கீபோர்டைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதுதான் கடைசிவரை. வேறு கீபோர்டை வாங்கி மாட்டினாலும், திரையில் தேர்ந்தெடுத்த முறைப்படிதான் எழுத்து விழும். திரையில் இல்லாத கீபோர்டு அந்த மில்லிலும் இல்லை. இதை எத்தனை பேர் யோசித்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது.

துருக்கிக்கு இரண்டு உண்டு. ஒன்று கியூ. ஆங்கிலக் கீபோர்டையே வைத்துக்கொண்டு, துருக்கிக்கு மட்டும் உரிய எழுத்துகளை ஓரத்தில் ஒட்டவைத்தது. கடையில் வாங்குகிற கணினியில் அதுதான் வரும். இன்னொன்று எஃப். அந்த மொழிக்கென்றே உட்கார்ந்து வகுத்தது. உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மற்றது பெரும்பாலும் வலது கைக்கு. முறையாகத் தட்டச்சு படித்தவர்கள் அதில் அடிப்பார்கள், கீழே குனிந்தே பார்க்கமாட்டார்கள். நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் ஹையர் பாஸ் செய்த ஒருவரைக் கூட்டிவந்து, ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைக்கிற கீபோர்டில் உட்காரவைத்துப் பாருங்கள். அவருக்குத் தமிழே மறந்துபோன மாதிரி ஆகிவிடும். கியூவுக்கும் எஃபுக்கும் அந்த அளவு தூரம்.

நம்முடைய முதல் துருக்கி மில் தெற்குப் பக்கம் ஒரு ஊரில் இருந்தது. அங்கே அனுப்புவதற்கு முன்னால் நான் ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். ஜெசிந்தா மதுக்கரைப் பெண். அவள் அப்பா சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றியவர். துருக்கி சீரியல் பார்த்துப் பார்த்தே பாதி மொழியைப் பிடித்துவிட்டு, மீதியைப் பணம் கட்டிப் படித்தவள். சப்போர்ட் பிரிவில் துருக்கிக்காரர்களோடு பேச அவளை விட்டால் ஆள் கிடையாது. "மேனேஜர்கிட்டக் கேக்காதே அம்மணி. அந்தச் சேர்ல உக்காந்து டைப் பண்றது யாருன்னு விசாரிச்சு அவங்ககிட்டப் பேசு" என்றேன். பேசிவிட்டு வந்தாள்.

"நெர்மின்னு ஒரு அக்காங்க மேடம். டெஸ்பாட்ச்ல இருக்கறாங்க. லாரிக்குப் போற லேபிளு, சீட்டு எல்லாம் அவங்கதான் அடிக்கறாங்க. அவங்களுக்கு எஃப் தானுங்க வேணுமாம். சின்ன வயசுல பழகுனதாம். கேட்டதுக்கே அவங்களுக்கு நெம்ப சந்தோசமுங்க. இத்தன வருசத்துல கம்ப்யூட்டர் விக்க வந்த ஒருத்தருங்கூட இதக் கேட்டதில்லையாமா."

அப்படித்தான் எஃப் நம் திரையில் ஏறியது. வேலை ஒழுங்காக ஓடியது. நெர்மின் ஜெசிந்தாவுக்குப் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்வாள், ஜெசிந்தா கிறிஸ்துமஸ் கேக் படம் அனுப்புவாள். லாரிக்காரர்கள் ஜன்னலில் சாய்ந்து ஒரு சிகரெட் முடிப்பதற்குள் நெர்மின் அவர்களுடைய சீட்டை அடித்து நீட்டிவிடுவாளாம். அந்த அம்மாளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. முழங்கால் வலி. வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். உட்கார்ந்து செய்கிற அந்த வேலை அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

சில வருடம் கழித்து அந்த மில்லின் முதலாளி கோயமுத்தூர் வந்தார். புது வெர்ஷன் தயாராகிக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டு இன்னும் இரண்டு மில்லுக்குச் சேர்த்து ஆர்டர் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம். தகப்பனார் காலத்துக்குப் பிறகு பொறுப்புக்கு வந்தவர், நாற்பது வயது இருக்கும்.

நம் முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர்தான். தாராபுரத்துப் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். எல்லாரும் அவரை அண்ணா என்போம். அவர் யாரையும் 'நீ' என்று சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். அவர் மேல் எனக்கு மரியாதை இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. அயோக்கியன் ஒருவன் செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

விருந்தாளி என்று வந்துவிட்டால் அண்ணனுக்குத் தலைகால் புரியாது. துருக்கிக்காரரைத் தாராபுரம் தோட்டத்துக்கே கூட்டிப்போய் அரிசிம்பருப்பும் நாட்டுக்கோழியும் போட்டார். இளநீர் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னதுதான் தாமதம், திரும்பி வருகிற காரில் டிக்கி நிறைய இளநீர். டிரைவரின் துண்டு அழகாக இருக்கிறது என்றார். அவர் தங்கியிருந்த ஹோட்டல் அறைக்கு ஒரு கட்டுத் துண்டு போய்ச் சேர்ந்தது. விருந்தாளி வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தால் அது தரையைத் தொடுவதற்கு முன்னால் செய்து முடித்துவிட வேண்டும். கேட்டு வாங்க வைப்பது நம் பக்கத்தில் அவமானம்.

மறுநாள் பிற்பகல் புது வெர்ஷனைக் காட்டினோம். கீபோர்டு திரை வந்தது. துருக்கி கியூ, துருக்கி எஃப். அவர் பார்த்துச் சிரித்துவிட்டார். ஆங்கிலத்தில்தான் சொன்னார், "அட, எஃப்! அது எங்கள் தாத்தா காலத்துச் சமாசாரம். இப்போது யார் அதைத் தொடுகிறார்கள்!" அவ்வளவுதான். அடுத்த திரைக்குப் போய்விட்டோம். அவர் அதை எடுக்கச் சொல்லவில்லை. எடுத்தால் நல்லது என்றுகூடச் சொல்லவில்லை. வீட்டுச் சுவரில் பழைய படத்தைப் பார்த்து ஒருவர் சிரிக்கிற மாதிரி சிரித்தார்.

மாலையில் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மணி, அந்த எஃப் எடுத்துப்போடலாமுங்க. நாளைக்குக் காத்தால அவரு ஏர்போர்ட் போறதுக்குள்ள செஞ்சு காட்டிப்போட்டா, நெம்ப சந்தோசப்படுவாருங்க."

"அண்ணா, அவரு எடுக்கச் சொல்லலீங்களே."

"சொல்லோணுமுங்களா? ஒறம்பரையா வந்தவரு வாய்விட்டுச் சிரிச்சுப்போட்டாரு. நம்ம பண்டத்தப் பாத்துச் சிரிக்கற மாதிரி வெச்சிருந்தா நமக்குத்தானுங்க கொறச்சலு."

"அவரு மில்லுல நெர்மின்னு ஒரு அம்மா எஃப்லதானுங்க அடிக்கறாங்க. ஜெசிந்தாளக் கேளுங்க."

"மொதலாளிக்குத் தெரியாதுங்களா அவரு மில்லுல யாரு என்ன அடிக்கறாங்கன்னு?"

"தெரியாதுங்க அண்ணா! உங்க கேன்டீன்ல எந்த அரிசி போடறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

என் வாய் கொஞ்சம் நீளம். அண்ணன் அதற்கெல்லாம் கோபப்படுகிறவர் இல்லை. மெதுவாகச் சிரித்தார். "அவரு ஊரப் பத்தி அவரு சொன்னதுக்கு எதுத்துப் பேசுனா நல்லாருக்காதுங்க அம்மணி" என்றார். "இளநி நல்லாருக்குன்னாரு, இளநி குடுத்தீங்க, செரி. இது இளநி இல்லீங்க அண்ணா, இதுல ஒரு பொம்பளையோட பொழப்பு இருக்குது" என்றேன். அந்த அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் நான் சொல்வது சரி என்று தெரிந்தவர்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும் ஒருவர் பின்னாலேயே வந்து, "நீங்க சொன்னது வாஸ்தவமுங்க, ஆனா அண்ணன் மொகத்தப் பாத்துட்டு எப்புடிங்க சொல்றது" என்றார். அவர் இப்போது உங்களுக்கு மேலதிகாரியாக இருக்கிறார். போய் விசாரியுங்கள்.

காலையில் காட்டினார்கள். துருக்கிக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. விருந்தாளி திரையைப் பார்த்தார், மலர்ந்துபோய் நிற்கிற அண்ணன் முகத்தைப் பார்த்தார். என்ன மாற்றம் என்றே அவருக்குப் பிடிபடவில்லை என்று நினைக்கிறேன். யாரோ எடுத்துச் சொன்னதும், "ஓ, ரொம்ப நல்லது" என்றார். வேறு என்ன சொல்வார்? இரண்டு நல்ல மனிதர்களும் கைகுலுக்கிக்கொண்டார்கள். நான் அங்கிருந்து நகர்ந்து என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

புது வெர்ஷன் அந்த மில்லுக்குப் போனது. போன அன்றே நெர்மின் ஜெசிந்தாவைக் கூப்பிட்டாள். கீபோர்டு கெட்டுவிட்டது, வழக்கமாக அடிக்கிறதைத்தான் அடிக்கிறேன், திரையில் என்னென்னவோ வருகிறது என்றாளாம். ஜெசிந்தா விளக்கினாள். பிறகு, "சரி, எப்போது திரும்பி வரும்?" என்று கேட்டாளாம்.

ஜெசிந்தா என்னிடம் ஓடிவந்தாள். "மேடம், ரிமோட்ல போயி மாத்திப்போடட்டுங்களா?" எதை மாற்றுவது? அந்தக் கீபோர்டுக்கான கோப்பையே புது வெர்ஷனில் வைக்கவில்லை. முறையாக வெளியிடுகிற வெர்ஷனுக்கு வெளியே வாடிக்கையாளருக்கு ஒரு துரும்பு அனுப்புவதானாலும் அண்ணன் அனுமதி வேண்டும். அந்த விதியை எழுதியதே நான்தான். நல்ல விதி. அதனால் நாம் தப்பித்த சமயங்கள் உண்டு.

அண்ணனிடம் போனேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. நடிப்பு இல்லை. மத்தியானம் சாப்பாட்டையே தள்ளிவைத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

"அய்யோ பாவமுங்க. அந்தம்மாவ நெனச்சா வெசனமா இருக்குதுங்க."

"வெசனப்பட்டு என்னங்க அண்ணா ஆகுது? ஒரு வரி. திருப்பிப் போட்டுரலாம்."

"போடலாமுங்க. ஆனா இப்பப் போட்டா, அன்னிக்கு நீங்க சொன்னது தப்புங்கன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி ஆயிருமுங்களே. நம்ம ஊட்டுல சோறு தின்னுட்டுப் போனவரு. அவராக் கேட்டாருன்னா அடுத்த நிமிசம் போட்டுரலாமுங்க."

"அவரு கேக்கமாட்டாரு. அவருக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்ச பொம்பள வாயத் தொறக்கமாட்டா."

அதுதான் உண்மை. ஜெசிந்தா நெர்மினிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள், "அக்கா, உங்கள் முதலாளியிடம் நேராகச் சொல்லுங்கள்" என்று. நெர்மின் மறுத்துவிட்டாள். "நான் போய் எனக்கு டைப் அடிக்க வரவில்லை என்று சொன்னால், வயதாகிவிட்டது என்று நினைப்பார். இதற்காகவே காத்திருக்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் பழகிக்கொள்கிறேன்" என்றாளாம். வீட்டுக்கு ஒரு கியூ கீபோர்டு வாங்கிப்போய்ப் பழகினாள். ஆனால் விரல் கேட்க வேண்டுமே! ஜன்னலில் லாரிக்காரன் நிற்கிறான், பின்னால் இன்னொருவன் ஹாரன் அடிக்கிறான், அவள் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடுகிறாள். அவசரத்தில் விரல் பழைய இடத்துக்கே போகிறது. அடித்ததை அழித்து மறுபடி அடிக்கிறாள். வரிசை மில் கேட்டைத் தாண்டி ரோட்டில் நிற்கிறது.

ஜெசிந்தா இதையெல்லாம் என்னிடம் வந்து ஒப்பிப்பாள். நான் அண்ணனிடம் போவேன். அவர் "பாவமுங்க" என்பார். இப்படியே எத்தனை தடவை. ஒரு நாள் பொறுக்க முடியாமல், "உங்க மரியாதையக் கொண்டுபோயி நொய்யல் ஆத்துல கரைங்க அண்ணா!" என்று கத்திவிட்டேன். ஆபீஸே எட்டிப் பார்த்தது. அவர் எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். இப்படிப்பட்டவரோடு எப்படிச் சண்டை போடுவது, நீங்களே சொல்லுங்கள்.

பிறகு நடக்க வேண்டியது நடந்தது. இரண்டு லாரிகளின் லேபிள் மாறிவிட்டது. துறைமுகத்துக்குப் போக வேண்டிய பெட்டிகள் உள்ளூர் நெசவாலைக்கும், அங்கே போக வேண்டியவை துறைமுகத்துக்கும் போயின. கப்பலைத் தவறவிட்டார்கள். நெர்மினை மேனேஜர் கூப்பிட்டார். அவள் அப்போதும் கீபோர்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம், கவனக்குறைவு, மன்னியுங்கள் என்றாளாம். அவளை பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டு நூல் கண்டுகளைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. டெஸ்பாட்ச் நாற்காலிக்குக் கல்லூரி முடித்த ஓர் இளைஞன் வந்தான்.

ஜெசிந்தா அதைச் சொன்னபோது அழவில்லை. "அக்கா இனிமே எனக்குக் கூப்பிடமாட்டாங்களாமுங்க மேடம். பேக்கிங்ல போன் வெச்சுக்கக் கூடாதாமா" என்று மட்டும் சொன்னாள். நான் எழுந்து கதவைச் சாத்தினேன். "கூப்பிடு அந்த மொதலாளிய" என்றேன். வாடிக்கையாளரின் முதலாளியோடு நம் முதலாளிதான் பேசலாம் என்பது வழக்கம். வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது.

அவரே எடுத்தார். ஜெசிந்தா அவர்கள் மொழியில் சொல்லச் சொல்ல, எனக்குப் புரியாவிட்டாலும் அவர் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது. அவர் கேட்டது இது: "அப்படியா? எனக்குத் தெரியாதே. அதை நீங்கள் எதற்காக எடுத்தீர்கள்? திருப்பிப் போட்டுவிடுங்கள்." அவ்வளவுதான். அப்போது வந்த டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது.

அண்ணனிடம் போய் நான் செய்ததையும் துருக்கிக்காரர் சொன்னதையும் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர், "அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டார். "அவ்வளவுதானுங்க அண்ணா" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நான் உங்களுக்குப் பாடம் சொல்ல வேண்டும். சொல்கிறேன். திரையில் ஒரு வரியை வெட்டுவதற்கு முன்னால், அந்த வரியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று கேளுங்கள். வாங்குகிறவரிடம் கேட்காதீர்கள், உட்கார்ந்திருக்கிறவரிடம் கேளுங்கள். எண்ணிக்கை பார்க்காதீர்கள், கொஞ்சம் பேர்தான் என்று தெரிந்தால் அந்தக் கொஞ்சம் பேருக்குப் போன் போடுங்கள். எல்லாம் சரி. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் எங்களுக்கும் தெரிந்திருந்தது. நெர்மினின் பெயர் தெரியும், குரல் தெரியும், முழங்கால் வலி தெரியும். எதிர்த்துச் சொன்னேன், கத்தினேன், ஒன்றும் ஆகவில்லை. தெரிந்துகொண்டால் சரியாகிவிடும் என்று உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. யாருடைய முகமும் கோணக் கூடாது என்று பார்த்துக்கொள்கிற இடத்தில், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கிறவள் தலையில்தான் எல்லாம் போய் விழுகிறது. நாளைக்கு உங்கள் முறை வரும்போது நீங்களும் அண்ணன் முகத்தைத்தான் பார்ப்பீர்கள்.

எஃபைத் திருப்பிப் போட்டோம். டெஸ்டிங் முறைப்படி, மாற்றம் சேர்ந்த பிறகு வாடிக்கையாளர் இடத்திலேயே ஒரு தடவை அடித்துப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். வீடியோவில் இணைந்தோம். இந்தப் பக்கம் அண்ணன், நான், ஜெசிந்தா. அந்தப் பக்கம் டெஸ்பாட்ச் அறை, முதலாளி, புது இளைஞன். அவனுக்கு எஃபில் அடிக்கத் தெரியாது. தெரிந்தவர் யாரையாவது கூப்பிடுங்கள் என்றேன். யாரைக் கூப்பிடுவார்கள் என்று தெரிந்துதான் சொன்னேன். அவளுடைய நாற்காலி அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடும் என்று எனக்கு ஒரு நப்பாசை.

நெர்மின் வந்தாள். அன்றுதான் அவளை முதல்முறையாகப் பார்த்தேன். குள்ளமான பெண்மணி. தலையில் கட்டிய துணியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. ஜெசிந்தாவைத் திரையில் பார்த்ததும் கையை ஆட்டினாள். இளைஞன் எழுந்து இடம் விட்டான். அவள் கைகளை மேலங்கியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்ன அடிக்கட்டும் என்று கேட்டாள். எதை வேண்டுமானாலும் அடியுங்கள் அக்கா என்றாள் ஜெசிந்தா.

அடித்தாள். கீழே பார்க்கவே இல்லை. எங்களைப் பார்த்துக்கொண்டே அடித்தாள். திரையில் ஒரு லாரிச் சீட்டு முழுசாக வந்து நின்றது, அனுப்புநர், பெறுநர், நூல் ரகம், பெட்டி விவரம், எல்லாம் தப்பில்லாமல். அந்த இளைஞனே வாய்விட்டு ஏதோ சொன்னான். அண்ணன் என் பக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நெர்மின் நாற்காலியில் இருந்தபடியே முதலாளியைத் திரும்பிப் பார்த்து ஒன்று கேட்டாள். நான் ஜெசிந்தாவின் கையைப் பிடித்தேன்.

"நாளைக்கு இங்க வந்துரட்டுங்களான்னு கேக்கறாங்க மேடம்."

அவர் அந்த நல்ல சிரிப்போடுதான் பதில் சொன்னார். ஒரே ஒரு சொல்.

"பாக்கலாம்ங்கறாருங்க."

எங்கள் மூன்று பேருக்கும் அதற்கு மேல் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நெர்மினும் புரிந்துகொண்டாள். மெதுவாக மேஜையைப் பிடித்து எழுந்தாள், காலை ஊன்றுவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஜெசிந்தாவைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்துவிட்டுப் படத்தை விட்டுப் போய்விட்டாள்.

முதலாளி கேமராவுக்கு அருகில் வந்து, இந்தத் தடவை நேராக என்னிடமே ஆங்கிலத்தில் கேட்டார். சோதனை சரியாக முடிந்துவிட்டதா, தம்பி உட்காரலாமா, வெளியே லாரி நிற்கிறது என்றார்.

முடிந்துவிட்டது என்று சொன்னேன்.